வில்லங்கம் உள்ள கட்டடங்கள்

பெர்லினில் யு6 என்ற சுரங்க ரயில் தடம் வடக்கிலிருந்து தெற்காக நகரத்தை நெடுகக் கிழித்துக்கொண்டு போகிறது. இரண்டு முனைகளும் பழைய மேற்கு பெர்லினில் இருக்கின்றன, நடுப்பகுதி பழைய கிழக்கு பெர்லினில். 1961இல் சுவர் எழுந்தபோது தரைக்கு மேலே தெருக்களும் வீடுகளும் பிரிந்தன. தரைக்குக் கீழே மட்டும் மேற்கின் ரயில்கள் கிழக்கின் அடிவயிற்றில் ஓடிக்கொண்டே இருந்தன. அப்படி ஓட விடுவதற்கு மேற்கு ஆண்டுதோறும் கிழக்குக்குக் கட்டணமும் கட்டியது. ஃபிரீட்ரிஷ் தெரு நிலையத்தைத் தவிர வேறெங்கும் வண்டி நிற்காது. மங்கிய விளக்கொளியில் துப்பாக்கிக் காவலர்கள் நிற்கும் நடைமேடைகளை மெதுவாகக் கடந்து போகும். ஜனங்கள் அவற்றைப் பேய் நிலையங்கள் என்றார்கள். அவற்றில் ஒன்று ஒரானியன்பூர்கர் டோர். அது மறுபடி திறந்தது 1990 ஜூலை 1 அன்று. அதற்கு நான்கரை மாதம் முன்பே, ரயில்கள் இன்னும் நிற்காமல் போய்க்கொண்டிருந்த பிப்ரவரியில், அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் இளம் கலைஞர்கள் கூட்டம் ஒன்று புகுந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தைப் பார்க்கத்தான் இந்தத் தடத்தில் ஏறினேன். வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கைவிடப்பட்ட கட்டடங்களில் தாங்களாகவே கலைக்கூடம் நடத்தியவர்களின் மூன்று தலைமுறை வரலாறும் இந்த ஒரே தடத்தை ஒட்டிக் கிடக்கிறது. தெற்கே 1979, நடுவில் 1990, வடக்கே 2007. நாடகக் குழுவில் நாற்காலி தூக்கி, கூடம் பெருக்கிப் பழகியவன் நான். எந்த அரங்குக்குப் போனாலும் மேடைக்கு முன்பாகக் கழிப்பறையும் மின்பலகையும் அவசர வழியும்தான் கண்ணில் படும். வாடகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பதும்.

தெற்கே உல்ஸ்டைன் தெரு நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் செங்கல்லால் கட்டிய பெரிய அச்சகம் ஒன்று மணிக்கூண்டோடு நிற்கிறது. 1920களில் உல்ஸ்டைன் என்ற யூதப் பதிப்பாளர் குடும்பம் கட்டியது. 1934இல் நாஜிகள் அந்தக் குடும்பத்தை மிரட்டி, அடிமாட்டு விலைக்கு நிறுவனத்தைப் பறித்தார்கள். நான் தேடிப் போனது அதை அல்ல. ஆனால் பெர்லினில் காலிக் கட்டடங்களைத் தேடி நடப்பவர் இந்தக் கதையை அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சில நிமிட நடையில் ஊஃபாஃபாப்ரிக். ஊஃபா என்பது ஜெர்மனியின் புகழ்பெற்ற திரைப்பட நிறுவனம். படச்சுருள்களைக் கழுவிப் பிரதியெடுக்கும் அதன் ஆலை இங்கே இருந்தது. ஆலை மூடிய பிறகு, இடிக்கப்படும் நாளை எதிர்பார்த்துக் கிடந்த வளாகத்துக்குள் 1979 ஜூன் 9 அன்று ஒரு கூட்டம் நுழைந்தது. அவர்கள் கைக்குழந்தைகளோடும் தச்சுக் கருவிகளோடும் வந்தவர்கள். அதற்கு முன்பே ஷோனெபெர்க் பகுதியில் கலை, விளையாட்டு, கைத்தொழில் மூன்றையும் சேர்த்து ஓர் இடம் நடத்திப் பழகியவர்கள். கட்டடத்தைப் பிடித்துக்கொண்டோம் என்று அறிவிக்காமல், மறுபடி இயக்கத் தொடங்கியிருக்கிறோம் என்று அறிவித்தார்கள். இது வெறும் சொல் சாமர்த்தியம் இல்லை. போலீஸ் வந்து தூக்குவதற்கு முன்பே அரசோடு பேச உட்கார்ந்துவிட்டார்கள், குத்தகையும் கிடைத்துவிட்டது.

இன்று போனால் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். புரட்சியின் வாசனை எதுவும் இல்லை. அடுமனையில் ரொட்டி வாசனை வருகிறது. குழந்தைகளுக்கான சர்க்கஸ் பள்ளி, ஆடும் கோழியும் உள்ள சிறு பண்ணை, அக்கம்பக்கத்தாருக்கான உதவி மையம், நாடக மேடை, கோடையில் கூரைக்கடியில் நடக்கும் இசை. கூரைகளில் புல் வளர்கிறது, சூரியத் தகடுகள் இருக்கின்றன, மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அந்த மழைநீர்க் குழாய் பிடித்திருந்தது. கலைக்கூடம் நடத்துகிறவர்களின் பேச்சில் எப்போதும் சுதந்திரம், மாற்று, எதிர்ப்பு என்று பெரிய சொற்கள் வரும். மாதக் கடைசியில் வருவது தண்ணீர் பில், மின்சார பில், கணப்பு பில். பெர்லின் குளிரில் கணப்பு இல்லாத அரங்குக்கு நவம்பரில் யாரும் வரமாட்டார்கள். இங்கிருந்தவர்கள் அதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டு, ரொட்டியால் நாடகத்துக்குச் சோறு போட்டார்கள்.

மறுபடி யு6. வண்டி வடக்கே போகிறது. ஃபிரீட்ரிஷ் தெரு தாண்டி ஒரானியன்பூர்கர் டோர்.

தாஹெலெஸ் என்று உலகம் அறிந்த கட்டடத்தின் கதையைச் சொல்வதென்றால் 1907இல் தொடங்க வேண்டும். ஃபிரீட்ரிஷ் தெருவையும் ஒரானியன்பூர்கர் தெருவையும் இணைக்கும் ஒரு மாபெரும் அங்காடிச் சாலை, மேலே குவிமாடம், அன்றைக்குப் புதிதான இரும்புக்கம்பி கான்கிரீட், ஃபிரான்ஸ் ஆரென்ஸ் என்ற கட்டடக் கலைஞர். திறந்த சூட்டோடு திவால். பிறகு வெர்ட்ஹைம் என்ற பல்பொருள் அங்காடி 1909இல் வந்தது, முதல் உலகப்போருக்கு முன்பே போய்விட்டது. 1928இல் ஏஇஜி என்ற மின்சாதன நிறுவனம் அதைத் தொழில்நுட்ப மாளிகையாக்கித் தன் பொருள்களைக் காட்சிக்கு வைத்தது. தொலைக்காட்சியின் ஆரம்பகாலச் சோதனைகள் சில அங்கே நடந்தன. பிறகு நாஜி அமைப்புகள். போரின்போது பிரெஞ்சுக் கைதிகளை மேல்மாடத்தில் அடைத்து வைத்தார்கள். குண்டுவீச்சில் அடி வாங்கியது. 1948க்குப் பிறகு கிழக்கு ஜெர்மன் தொழிற்சங்கத்தின் கையில் வந்தது. பழுதுபார்க்க எவரும் இல்லை. 1980இல் குவிமாடத்தையும் பெரும்பகுதியையும் இடித்தார்கள். மிச்சத்தையும் 1990 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்த்து அந்த வழியாக ஒரு சாலை போடுவதாகத் திட்டம்.

1989 நவம்பரில் சுவர் விழுந்தது. 1990 பிப்ரவரி 13 அன்று கலைஞர்கள் நுழைந்தார்கள். அரசு ஒன்று செத்துக்கொண்டிருந்தது, அடுத்த அரசு இன்னும் வரவில்லை. வெடிவைக்க உத்தரவு போட்டவருக்கே தன் நாற்காலி இருக்குமா என்று தெரியாத நாட்கள். அவர்கள் செய்த வேலைகளில் சுவரோவியத்தைவிட, சிற்பத்தைவிட முக்கியமானது கட்டடத்தின் உறுதியை மறுபடி பரிசோதிக்க வைத்தது. இடித்தே ஆக வேண்டும் என்று பழைய அறிக்கைகள் சொன்ன கட்டடம், நின்று தாங்கும் என்று புதிய அறிக்கை சொன்னது. 1992இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிட்டது. ஒரு பொறியாளரின் சில பக்கங்கள் இல்லாவிட்டால் தாஹெலெஸ் என்ற பெயரே இருந்திருக்காது.

அதன்பின் வந்தது இருபத்திரண்டு ஆண்டுக் கூத்து. பின்புறம் மூளியாக நின்ற கட்டடம், குண்டு விழுந்த வெற்றுத் திடலில் இரும்புச் சிற்பப் பட்டறைகள், கீழே மதுக்கூடம், மேலே திரையரங்கு, ஓவியக் கூடங்கள், படிக்கட்டு முழுக்கத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கிறுக்கல். சுற்றுலா வழிகாட்டி நூல்கள் எல்லாம் எழுதத் தொடங்கின. எழுதத் தொடங்கியதும் ஒரு விசித்திரம் நடந்தது. கட்டணம் வாங்காத காட்சிக்குக் கூட்டம் வந்தது, கூட்டம் மதுக்கூடத்தில் செலவழித்தது, மதுக்கூடம் வைத்திருந்தவர்கள் ஒரு தரப்பாகவும் தூரிகை வைத்திருந்தவர்கள் இன்னொரு தரப்பாகவும் ஆனார்கள். நீதிமன்றம் வரை போன சண்டை அது. பட்டறைக்காரர்கள் தனி, சங்கம் தனி. கலை இலவசமாக இருக்கும் இடத்தில் பீர் மட்டும் காசுக்கு விற்றால், கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே அதிகாரம் நகரும். இதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். பொதுவான கணக்குப் புத்தகம் ஒன்று இல்லாத எந்த இடத்திலும் இதுதான் நடக்கும்.

1998இல் மத்திய அரசு அந்த நிலத்தை ஃபுண்டுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கலைஞர்களுக்குப் பத்தாண்டுக் குத்தகை, மாத வாடகை ஒரு மார்க். ஒரே ஒரு மார்க்! நகரமே கொண்டாடியது. எனக்கு அந்த ஒரு மார்க்தான் இந்தக் கதையின் மிகப் பெரிய பொறி என்று தோன்றுகிறது. அது வாடகை அல்ல, காத்திருப்புக் கட்டணம். நிலத்தின் விலை ஏறும்வரை கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்தப் பகுதிக்குப் பெயர் வாங்கித் தர ஆள் வேண்டும். இரண்டையும் கலைஞர்கள் செய்தார்கள். 2008 கடைசியில் குத்தகை முடிந்தது. அதற்குள் முதலீட்டு நிறுவனம் தடுமாற, கடன் கொடுத்த வங்கி முன்னே வந்தது. 2011இல் மதுக்கூடத் தரப்பினர் பத்து லட்சம் யூரோ வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களை 2012 செப்டம்பர் 4 அன்று வெளியேற்றினார்கள். கைகலப்பு இல்லை. 2014இல் நிலம் மறுபடி கை மாறியது, விலை 15 கோடி யூரோ.

இன்று அந்த இடத்தில் ஹெர்ட்சோக் – டெ மெய்ரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் திட்டமிட்ட அலுவலகங்கள், கடைகள், விலை கேட்கவே தயங்கும் குடியிருப்புகள். பழைய கட்டடத்துக்குள் 2023 செப்டம்பரில் ஃபோட்டோகிராஃபிஸ்கா என்ற ஒளிப்படக் காட்சியகம் திறந்தது. நுழைவுச்சீட்டு உண்டு. படிக்கட்டில் பழைய கிறுக்கல்களை அப்படியே விட்டிருக்கிறார்கள், சின்னப் பாதுகாப்புச் சட்டம் அவற்றையும் காப்பாற்றுகிறதாம். போலீசைத் திட்டி எழுதியதும் அரசாங்கப் பாதுகாப்பில். 1908இல் திவாலான அங்காடிக் கனவு நூறாண்டு சுற்றிவந்து அதே மனையில் உட்கார்ந்திருக்கிறது.

வெர்ட்ஹைம் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே நிறுவனத்தின் லைப்ஸிகர் தெருப் பேரங்காடிக்கு அடியில் பணப்பெட்டக அறை ஒன்று இருந்தது. மேலே கட்டடம் போன பிறகும் அந்தப் பாதாள அறை மட்டும் தரிசுக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. 1991 மார்ச்சில் டிமிட்ரி ஹேகெமன் என்பவரும் நண்பர்களும் அதில் ட்ரெசோர் என்ற டெக்னோ இசைக்கூடத்தைத் திறந்தார்கள். 2005இல் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பழைய அனல்மின் நிலையத்துக்குள் மறுபடி தொடங்கியது, பழைய இரும்புப் பெட்டகங்களையும் கம்பிக்கதவையும் கூடவே எடுத்துக்கொண்டு போய். லைப்ஸிகர் மனையில் இப்போது ஒரு மால்.

வெர்ட்ஹைம் குடும்பமும் யூதப் பின்புலம் கொண்டது, அவர்களிடமிருந்தும் நாஜிக் காலத்தில் நிறுவனம் பறிபோனது. 1990களில் பெர்லினின் நடுப்பகுதியில் ஏன் அத்தனை வீடுகள் காலியாக இருந்தன என்று கேட்டால், கலை உலகம் சுவர் விழுந்ததைச் சொல்லும். அது பாதிப் பதில். நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்தார்கள். அதன்மேல் கிழக்கு ஜெர்மன் அரசு பொதுவுடைமை என்று எடுத்துக்கொண்டது. 1990 செப்டம்பரில் சொத்துகளைத் திரும்பக் கேட்க வழிசெய்யும் சட்டம் வந்தபோது கிழக்கு முழுவதும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமைக் கோரிக்கைகள் குவிந்தன. ஒரு கட்டடத்துக்கு மூன்று பேர் உரிமை கேட்டால், தீர்ப்பு வரும்வரை விற்க முடியாது, இடிக்க முடியாது, பெரிய கடன் வாங்கிப் புதுப்பிக்கவும் முடியாது. நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் மனை வாங்கியவர்களுக்கு இந்த நிலை தெரியும். அந்த இடைவெளியில்தான் ஓவியர்களும் நாடகக்காரர்களும் இசைக்காரர்களும் புகுந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் யாரோ ஒருவர் திரும்பி வராததால் கிடைத்தது. இதை அந்த நகரம் அவ்வளவாகப் பேசுவதில்லை, கலைஞர்களும் அதிகம் பேசுவதில்லை.

பேசுகிற இடம் ஒன்று உண்டு. ஒரானியன்பூர்கர் தெருவில் கிழக்கே நடந்தால், பொன் குவிமாடம் கொண்ட யூத ஆலயத்தைத் தாண்டி ஹாக்கெஷர் மார்க்ட் வரும். அங்கே ஹாக்கெஷர் முற்றங்கள் என்று எட்டு முற்றங்கள் கொண்ட வளாகம், வண்ண ஓடுகளெல்லாம் துடைத்துப் பளபளப்பாக. அதை ஒட்டியே ரோசென்தாலர் தெரு 39. பூச்சு உதிர்ந்த சுவர், அடுக்கடுக்காக ஒட்டிய சுவரொட்டிகள், தலைக்கு மேலே இரும்பில் செய்த பூதங்கள். ஷ்வார்ட்சென்பெர்க் இல்லம். 1995 முதல் ஒரு கலைச் சங்கம் நடத்திவரும் இடம். உள்ளே சிறு திரையரங்கு, மதுக்கூடம், ஓவியர்களின் அறைகள், இயந்திரப் பூதங்கள் ஆடும் நிலவறை.

அதே முற்றத்தில் இடதுபுறப் படியேறினால் ஓட்டோ வைட் என்பவரின் பட்டறை. தானும் பார்வை மங்கிப்போன அவர், 1940 முதல் இங்கே துடைப்பமும் தூரிகையும் செய்தார். வேலையாட்களில் பெரும்பாலோர் பார்வையற்ற, காதுகேளாத யூதர்கள். ராணுவத்துக்குத் தேவையான உற்பத்தி என்று பட்டறைக்கு முத்திரை வாங்கி, லஞ்சம் கொடுத்து, பொய்ச் சீட்டுகள் தயாரித்து அவர்களை வதைமுகாமுக்குப் போகாமல் முடிந்தவரை காத்தார். கடைக்கோடி அறையில், ஜன்னல் இல்லாத ஓர் இடத்தில், ஒரு குடும்பத்தை மறைத்து வைத்தார். கதவுக்கு முன்னால் துணி அலமாரி. கடைசியில் அந்தக் குடும்பம் பிடிபட்டது. பட்டறையில் வேலை பார்த்துத் தப்பியவர்களில் ஒருவர் இங்கெ டாய்ச்க்ரோன் என்ற பெண். அவருடைய விடாமுயற்சி இல்லாமல் இங்கே அருங்காட்சியகம் வந்திருக்காது.

அந்த அறையில் நின்றபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. பக்கத்து வளாகத்தைப் போல இதையும் பளபளப்பாக்கியிருந்தால் அந்தத் தரைப்பலகை, அந்தச் சுவர் நிறம், அந்த இருட்டு எதுவும் மிஞ்சியிருக்காது. பழுதுபார்க்கப் பணம் இல்லாத கிழக்கு ஜெர்மனியும், பழுதுபார்க்க விரும்பாத கலைஞர்களும் சேர்ந்து தெரிந்தோ தெரியாமலோ ஒரு சாட்சியத்தைக் காத்திருக்கிறார்கள். இந்த வீட்டுக்கும் வாரிசு வழக்கு இருந்தது. 2004இல் ஏலத்துக்கு வந்தபோது, நகரத்தின் குடியிருப்பு நிறுவனம் பொதுப்பணத்தில் வாங்கியது. அருங்காட்சியகம் காரணமாகவே வாங்கினார்கள் என்பது என் ஊகம். ஓவியர்களின் அறைகளுக்காக மட்டும் எந்த நகரமும் அவ்வளவு பணம் புரட்டாது. வைட் அறுபது ஆண்டு கழித்தும் சிலருக்கு இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இங்கிருந்து பத்து நிமிடத்தில் ஸோஃபியென்ஸேலெ. கைவினைஞர் சங்கத்தின் பழைய கூடம், சோஷலிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் பேசிய இடம், பிறகு கார்க்கி நாடக அரங்கின் பட்டறை. 1996இல் அதை நடன அரங்காக்கியவர்களில் யோகென் ஸாண்டிக் ஒருவர். தாஹெலெஸ் தொடங்கியவர்களிலும் அவர் உண்டு. 2006இல் ஸ்ப்ரே ஆற்றங்கரையின் பழைய கழிவுநீர் ஏற்றும் நிலையத்தை ராடியால்ஸிஸ்டம் என்ற அரங்காக்கியதிலும் அவர் உண்டு. முதல் இடத்தைப் பூட்டுடைத்துப் பெற்றவர்கள் மூன்றாம் இடத்தை ஒப்பந்தம் போட்டுப் பெறக் கற்றுக்கொண்டார்கள். அது சமரசம் என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

யு6இல் வடக்கே வெட்டிங் பகுதி. சுற்றுலா நூல்கள் அதிகம் கண்டுகொள்ளாத தொழிலாளர் பேட்டை, துருக்கியக் கடைகள், கோழிப்பண்ட வாசனை. 1912இல் திறந்து 2002இல் மூடிய பிணம் எரிக்கும் மண்டபம் ஒன்று இப்போது ஸைலன்ட் கிரீன் என்ற கலை வளாகம். அஸ்திக்கலசம் வைத்த மாடங்களுக்கு நடுவே கச்சேரி. அழகுதான், ஆனால் நான் பார்க்க வந்தது அதன் அருகிலேயே இருக்கும் எக்ஸ்ரோட்டாபிரிண்ட்.

ரோட்டாபிரிண்ட் ஆஃப்செட் அச்சு இயந்திரம் செய்த கம்பெனி. 1989இல் திவால். கம்பெனி கடன்பட்டதால் நிலம் நகரத்தின் கைக்கு வந்தது. 1950களில் கிளவுஸ் கிர்ஸ்டன் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள், பெட்டிகளைத் தாறுமாறாக அடுக்கியது போன்ற மூலைக் கோபுரம். 2000களின் தொடக்கத்தில் பெர்லின் நகரம் வங்கி ஊழலில் சிக்கிக் கடனில் மூழ்கியிருந்தது. கையிலிருந்த நிலங்களை அதிக விலை கேட்பவருக்கு விற்பதற்கென்றே தனி நிறுவனம் வைத்திருந்தது. இந்த வளாகத்தையும் பல சொத்துகளோடு கட்டாகச் சேர்த்து விற்கப் பார்த்தார்கள். உள்ளே வாடகைக்கு இருந்த கலைஞர்கள் டானியேலா பிராமும் லெஸ் ஷ்லீஸரும் 2004 முதல் மற்ற வாடகைக்காரர்களைத் திரட்டினார்கள். பூட்டுடைப்பு இல்லை, பேரணி இல்லை. கூட்டங்கள், மனுக்கள், வக்கீல்கள். 2007இல் லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்தார்கள்.

அடுத்துச் செய்ததுதான் சாமர்த்தியம். ஆறு லட்சம் யூரோ விலைக்கு நிலத்தைத் தங்கள் பெயரில் வாங்காமல், நிலத்தை ஊகவியாபாரத்திலிருந்து விலக்கி வைப்பதையே நோக்கமாகக் கொண்ட இரண்டு அறக்கட்டளைகளை வாங்க வைத்தார்கள். ட்ரியாஸ் ஒன்று, சுவிட்சர்லாந்தின் எடித் மேரியான் மற்றொன்று. நிலம் அவர்களுடையது. அதன்மேல் நிற்கும் கட்டடங்கள் 99 ஆண்டுக்கு எக்ஸ்ரோட்டாபிரிண்டுடையவை, ஆண்டுதோறும் நிலவாடகை கட்டவேண்டும். பணம் பெருகினாலும் யாரும் பங்கு பிரிக்க முடியாது. நாளை அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து விற்க நினைத்தாலும் நிலம் கையில் இல்லை. தாஹெலெஸின் சண்டையைப் பார்த்தவர்கள் எழுதிய பத்திரம் போல இருக்கிறது. பழுதுபார்க்கக் கடன் கொடுத்தது சுவிட்சர்லாந்தின் ஓய்வூதிய நிதி ஒன்று. ஆற்றங்கரையில் ஹோல்ஸ்மார்க்ட் என்ற கேளிக்கைக் கிராமத்துக்கு 2012இல் நிலம் வாங்கிக் கொடுத்ததும் வேறொரு சுவிஸ் ஓய்வூதிய நிதிதான். பெர்லினின் கட்டற்ற கலை வாழ்க்கைக்குப் பின்னால் சுவிஸ் ஊழியர்களின் பென்ஷன் சேமிப்பு நிற்கிறது என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை.

வளாகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பங்கு கலைஞர்களுக்கு, ஒரு பங்கு தச்சர், மின்வேலைக்காரர் போன்ற தொழில்களுக்கு, ஒரு பங்கு சமூகப் பணிக்கு. புதிதாக வந்தவர்களுக்கு ஜெர்மன் வகுப்பு, பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு. கலைஞர்கள் மட்டும் கூடினால் அந்தத் தெருவின் வாடகை ஏறும், தச்சர்கள் ஓடிப்போவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முற்றத்தில் நின்றால் ஒரு ஜன்னலில் ரம்பச் சத்தம், மேலே யாரோ கிளாரினெட் பழகுகிறார்கள், கீழே கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை. ஆண்டுக்கணக்காகக் கட்டம் கட்டமாகப் பழுதுபார்த்தார்கள், வாடகைக்காரர்கள் உள்ளே இருக்கும்போதே. ஒரேயடியாக மூடிப் புதுப்பித்திருந்தால் கடன் கூடியிருக்கும், பிறகு வாடகை கூடியிருக்கும்.

அந்தக் குத்தகையும் ஒருநாள் முடியும். 2007உடன் 99 கூட்டினால் 2106. அந்த ஆண்டில் இரண்டு அறக்கட்டளைகளின் வாரிசுகளும் எக்ஸ்ரோட்டாபிரிண்டின் வாரிசுகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதியாக வேண்டும், கட்டடத்துக்கு எவ்வளவு தருவது என்று பேரம் பேச வேண்டும். இப்போதே யாரும் அதற்குக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் கவலை, பருப்பு சூப் தீர்ந்துவிடுமோ என்பது.